புரட்டாசி முடிந்த பின்னும் சைவம்: வெளிச்சாப்பாட்டில் நான் கற்றவை

2022ஆம் ஆண்டு புரட்டாசியில் வழக்கம்போல அசைவத்தை நிறுத்தினேன். மாதம் முழுக்கச் சைவம், ஐப்பசி பிறந்ததும் வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வாசலில் வரிசை என்பது எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து இருந்துவரும் பழக்கம். அந்த ஆண்டு அந்த ஞாயிறு தீபாவளிக்கு முந்தைய நாளாக அமைந்தது. மறுநாள் காலை இட்லிக்குக் கறிக்குழம்பு வைக்க வேண்டும் என்பதால் விடியற்காலையிலேயே தூக்குவாளியோடு போய் நின்றேன். எனக்கு முன்னால் பதினைந்து பேராவது இருப்பார்கள். கடையை ஒட்டிக் கட்டியிருந்த ஆடுகளில் ஒன்று என் வேட்டி நுனியை வாயில் இழுத்து மெல்லத் தொடங்கியது. நான் அதை விடுவித்துக்கொள்ளவில்லை, வரிசை நகர்ந்தபோது அதுவாகவே விட்டுவிட்டது. என் முறை வந்தபோது அந்த ஆடு கட்டியிருந்த இடத்தில் கயிறு மட்டும்தான் கிடந்தது. ஒரு கிலோ கறியை வாங்கிக்கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். மறுநாள் எல்லோரும் சாப்பிட்டார்கள். நான் இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு இன்றுவரை அசைவம் சாப்பிடவில்லை.

வீட்டில் இது பெரிய சிக்கலாகவே இருக்கவில்லை. சிக்கல் வெளியில்தான் இருந்தது. நூற்பாலை இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. திண்டுக்கல், இராஜபாளையம், ஆண்டிபட்டி, பாலக்காடு என்று மாதத்தில் பதினைந்து நாளுக்குக் குறையாமல் வெளியூரில் இருப்பேன். "சைவ ஹோட்டலுக்குப் போயிட வேண்டியதுதானே" என்று சொல்கிறவர்கள் உண்டு. நகரத்துக்குள் பகலில் அது எளிது. ஆலையில் இரவு பதினொரு மணிக்கு வேலை முடிந்து வெளியே வரும்போது, புறவழிச்சாலையில் திறந்திருக்கும் ஒரே கடை பரோட்டாக் கடையாகத்தான் இருக்கும். நான்கு பேர் ஒரே வண்டியில் போகும்போது மூன்று பேர் பிரியாணிக்கு நிறுத்தச் சொன்னால் நானும் அங்கேதான் இறங்க வேண்டும். பிறந்ததிலிருந்தே சைவமாக இருப்பவர்கள் இப்படிப்பட்ட கடைக்குள் பெரும்பாலும் நுழைவதே இல்லை என்பதால், அவர்களிடம் யோசனை கேட்டும் பயன் கிடைக்கவில்லை. ஆகவே சைவமும் அசைவமும் ஒரே அடுக்களையில் சமைக்கும் கடைகளில் எப்படிச் சாப்பிடுவது என்பதை நானாகவே தவறித் தவறித்தான் கற்றுக்கொண்டேன்.

முதல் பாடம் திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு பரோட்டாக் கடையில் கிடைத்தது. மாறி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. "வெஜ் சால்னா இருக்கா அண்ணே?" என்று கேட்டேன். "இருக்கு சார், உக்காருங்க" என்றார் சப்ளையர். இரண்டு பரோட்டாவை இலையில் வைத்துவிட்டுப் போனவர், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த பெரிய சட்டியருகே நின்று கரண்டியால் மேலாக எதையோ ஒதுக்கிக்கொண்டிருந்தார். கரண்டியின் முதுகால் துண்டுகளை ஓரமாகத் தள்ளி, எண்ணெய் மிதக்கும் குழம்பை மட்டும் மெதுவாக மொண்டு, ஒரு துண்டு கூடவே வந்துவிட்டதென்று மறுபடியும் சட்டியிலேயே சாய்த்து, இரண்டாம் முறை கவனமாக எடுத்துக்கொண்டு வந்தார். அது கோழிச் சால்னா. நான் தயங்குவதைப் பார்த்து, "பீஸ் இல்லாம ஊத்தியிருக்கேன் சார், தைரியமாச் சாப்பிடுங்க" என்றார்.

அவர் முகத்தில் ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை. வேலை மும்முரத்திலும் எனக்காக அரை நிமிடம் செலவழித்து, ஒரு துண்டும் விழாமல் பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்திருந்தார். அன்று எனக்கு விளங்கியது இதுதான்: 'சைவம்' என்று நான் சொல்வதும் அவர் கேட்டுக்கொள்வதும் ஒரே பொருள் அல்ல. துண்டு இல்லாவிட்டால் சைவம் என்பது அவருடைய கணக்கு. அந்தக் குழம்பு எதில் கொதித்தது என்பது என்னுடைய கணக்கு. அதனால் "இது சைவமா?" என்ற கேள்வியைக் கலப்புக் கடைகளில் கேட்பதையே விட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்கு வரும் "ஆமா" என்ற பதில் பொய்யாக இருக்காது, ஆனால் எனக்கு உதவவும் செய்யாது.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டதும் பழைய பட்டியல் முழுவதும் எனக்குப் புதிதாகத் தெரியத் தொடங்கியது. குஸ்கா என்பது துண்டு இல்லாத பிரியாணிச் சோறு. கறியோடு ஒரே அண்டாவில் தம் போட்டு எடுத்ததுதான், கறியின் சாறும் கொழுப்பும் ஏறியதுதான். இருபது ஆண்டுகளாகக் குஸ்கா சாப்பிட்ட நானே, மாறிய புதிதில் "குஸ்கா பரவாயில்லையா?" என்று ஒரு கணம் யோசித்திருக்கிறேன். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் தால்ச்சாவில் பருப்பும் கத்தரிக்காயும் கண்ணில் படும், ஆனால் பல இடங்களில் ஆட்டெலும்பு போட்டுத்தான் அதைக் கொதிக்க வைக்கிறார்கள். வெங்காயப் பச்சடி மட்டும் நிம்மதியாகச் சாப்பிடலாம். வெஜிடபிள் பிரியாணி என்று பட்டியலில் இருப்பதைச் சில கடைகளில் தனியாகச் சமைக்கிறார்கள். சில கடைகளில் குஸ்காவில் வேகவைத்த பீன்ஸையும் கேரட்டையும் கிளறித் தந்துவிடுகிறார்கள். 'எம்டி சால்னா' என்று எழுதிவைத்திருக்கும் கடைகளிலும் இதே இரண்டு வழக்கம் உண்டு. கறியே போடாமல் தேங்காய், கசகசா, பட்டை அரைத்து வைப்பதும் உண்டு, கறிச் சால்னாவை வடித்துத் தருவதும் உண்டு.

இப்போது நான் கேட்பதெல்லாம் செய்முறையைப் பற்றிய கேள்விகளைத்தான். எதில் வேகவைத்தீர்கள், எந்த எண்ணெயில் பொரித்தீர்கள், எந்தக் கரண்டியால் பரிமாறுகிறீர்கள்: தண்ணீர், எண்ணெய், கரண்டி ஆகிய மூன்றையும் விசாரித்துவிட்டால் ஏறக்குறைய எல்லாம் தெரிந்துவிடும். தண்ணீரைப் பற்றிக் கேட்க வேண்டிய இடம் சூப். வெஜ் சூப் என்று தருவதற்கும் கோழி வேகவைத்த தண்ணீரையே அடிப்படையாக வைத்துக்கொள்ளும் கடைகள் இருக்கின்றன. சீன வகைச் சமையல் செய்யும் தள்ளுவண்டிகளில் சிப்பிச் சாறு சேர்த்த சாஸும், கோழிச்சுவைத் தூளும் வைத்திருப்பார்கள். வெஜ் நூடுல்ஸிலும் அது ஒரு சிட்டிகை விழுந்துவிடும். அஜினோமோட்டோவை அசைவம் என்று நினைத்துப் பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சர்க்கரையையோ மாவுச்சத்தையோ நுண்ணுயிரால் நொதிக்க வைத்துத் தயாரிப்பது, எந்த விலங்கும் அதில் இல்லை. வேண்டாம் என்று சொல்வது அவரவர் விருப்பம்.

எண்ணெயைப் பற்றிய கேள்விதான் எனக்கு அதிகம் பயன்பட்டது. காலிபிளவர் 65 என்பது பெயரளவில் காய்தான். ஆனால் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து சிக்கனைப் பொரித்துக்கொண்டிருக்கும் அதே வாணலியில்தான் அதையும் போட்டு எடுப்பார்கள். "காலிபிளவருக்குத் தனிச் சட்டி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார்கள். தனிச் சட்டி இல்லை என்றால் நான் பொரித்த எதையும் கேட்பதில்லை. விருதுநகர்ப் பக்கத்துப் பொரித்த பரோட்டாவை நான் பார்த்த கடைகளில் பரோட்டாவுக்கென்றே இருக்கும் தட்டைச் சட்டியில்தான் பொரிக்கிறார்கள்; அங்கே எண்ணெய் பிரச்சினையில்லை, கூட வரும் சால்னாதான் பிரச்சினை. சில இடங்களில் பரோட்டா மாவிலேயே மென்மைக்காக முட்டை சேர்த்துப் பிசைகிறார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 'நான்' ரொட்டிக்கும் முட்டை சேர்த்ததா என்று கேட்டுவிட வேண்டும்.

கரண்டியும் கல்லும் வேறு வகை. மதுரையில் கறிதோசை போட்ட கல்லிலேயே அடுத்த தோசையை ஊற்றுவார்கள். இந்த இடத்தில் ஒவ்வொருவரும் தம்முடைய எல்லையைத் தாமே முடிவு செய்துகொள்ள வேண்டும், அதையும் கடையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அல்லாமல் வீட்டிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து. பசி வந்துவிட்டால் எல்லை எங்கே வேண்டுமானாலும் நகரும். கறியும் கறிச்சாறும் கறி பொரித்த எண்ணெயும் வேண்டாம், கழுவித் துடைத்த கல்லும் கரண்டியும் பரவாயில்லை என்பது நான் போட்டுக்கொண்ட எல்லை. "கல்லைக் கொஞ்சம் தண்ணி தெளிச்சுத் துடைச்சுட்டு ஊத்துங்க அண்ணே" என்று கேட்டால் எந்த மாஸ்டரும் இதுவரை மறுத்ததில்லை. என்னைவிடக் கண்டிப்பாக இருப்பவர்களையும் அறிவேன். அவர்கள் கலப்புக் கடையில் டீயோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதுவும் தெளிவான முடிவுதான்.

யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது என்பதும் கேள்வியைப் போலவே முக்கியம். சப்ளையர் பல நேரம் அடுக்களையில் என்ன நடக்கிறது என்பதை அறியாதவராக இருப்பார். அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தவராகவும், தமிழ் இப்போதுதான் பழகுகிற வடமாநிலத்துத் தம்பியாகவும் இருக்கலாம். அவரை நெருக்கினால் "வெஜ் சார், வெஜ் சார்" என்று சொல்வதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. நான் நேராக மாஸ்டரிடம் போய்விடுவேன். அடுப்படி வாசலில் இருக்கும் கடைகளில் அது மிகவும் எளிது. பகல் ஒன்றரை மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் அவரிடம் பேசவே முடியாது. பன்னிரண்டு மணிக்கு முன்போ, இரவு ஏழு மணிக்கு முன்போ போனால் அவருக்கும் பேச நேரமிருக்கும், வாளிகளும் கரண்டிகளும் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்கும், சாம்பாரும் அப்போதுதான் இறக்கியதாக இருக்கும்.

கேட்கும்போது ஒரு சொல்லை நான் திட்டமிட்டே தவிர்க்கிறேன். அது 'சுத்தம்'. "சுத்தமான சைவமா?" என்று கலப்புக் கடையில் கேட்பது, அங்கே சமைக்கும் மற்றதெல்லாம் அசுத்தம் என்று சொல்வதாக ஆகிவிடுகிறது. அந்த அடுக்களையில் வேர்வை வழிய நின்று சமைப்பவரும் அந்தச் சாப்பாட்டையே சாப்பிடுகிறவர். என் அம்மாவும் என் தம்பியும் சாப்பிடுவதும் அதைத்தான். நான் ஒன்றை விட்டுவிட்டதால் அது அழுக்காகிவிடவில்லை. "தனியாச் செஞ்சதா?" என்று கேட்டால் எனக்கு வேண்டிய பதிலும் கிடைக்கிறது, யாருடைய மனமும் நோவதில்லை. நம் ஊரில் ஒருவர் என்ன சாப்பிடுகிறார் என்ற கேள்விக்குப் பின்னால் அவர் யார் என்ற கேள்வி நிற்கிறது. "ஐயர் வீடா சார்?" என்று என்னிடம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றால், "அப்ப ஏன்?" என்று வியப்போடு தொடர்வார்கள். "சாப்பிட்டுக்கிட்டு இருந்தவன்தாண்ணே, இப்ப விட்டுட்டேன்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது நல்லது. அந்த வரியைக் கேட்டதும் பெரும்பாலானோர் இறுக்கம் தளர்ந்து, தங்கள் வீட்டில் யாரோ ஒரு பெரியம்மாவோ மாமாவோ அப்படி விட்டுவிட்ட கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

தொடக்கத்தில் எனக்கு இந்த வரி வரவில்லை. நண்பர் ஒருவர், "விரதம்னு சொல்லிடு, எல்லாம் தானா நடக்கும்" என்று யோசனை சொன்னார். அது உண்மையிலேயே நடந்தது. ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சாலையோரக் கடையில் "நான் விரதம்" என்று சொன்னதும், அறுபது வயதைத் தாண்டிய சப்ளையர் ஒருவர் மேசையை இரண்டு முறை துடைத்து, புது இலையைக் கழுவிப் போட்டு, டம்ளரை எனக்கு முன்னாலேயே வெந்நீரில் அலசி வைத்து, "உக்காருங்க சாமி" என்றார். உள்ளே போய்ச் சாம்பாரைத் தனிக் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு வந்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவித் திரும்பியபோது பக்கத்தில் வந்து நின்று, "பழனிக்கா சாமி? என் பொண்ணு மாசமா இருக்கா, அவளுக்கும் சேர்த்து வேண்டிக்கங்க" என்றார். நான் பழனிக்குப் போகவில்லை, தாராபுரத்தில் ஓர் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் அதற்காகவே மலையேறி, பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்காக வேண்டிக்கொண்டேன். அன்றோடு அந்தப் பொய்யை நிறுத்தினேன். பொய் சொல்லிப் பெறும் கவனிப்பு அடுத்த முறை உண்மை சொல்லி வருகிறவருக்குக் கிடைக்காமல் போகும் என்ற காரணத்தையும் பின்னால் யோசித்து வைத்துக்கொண்டேன். ஆனால் நிறுத்தியது அந்தப் பெரியவர் முகத்துக்காகத்தான்.

முட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் சில மாதங்கள் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் அது சரியாகத்தான் இருந்தது. கடையில் "முட்டை மட்டும் பரவாயில்லை" என்று சொன்னதும் குழப்பம் தொடங்கிவிடும். முட்டை மசாலா என்று கேட்டால், அவித்த முட்டையைக் கீறி அதே கோழிச் சால்னாவில் போட்டுப் பிரட்டித் தருவார்கள். அதனால் வெளியில் முட்டையையும் விட்டேன், பிறகு வீட்டிலும் விட்டுப்போனது. இந்தியச் சட்டமும் முட்டையை அசைவத்தில்தான் சேர்த்திருக்கிறது என்பதால் பாக்கெட்டுகளைப் பார்த்து வாங்குவது எளிதாகிவிட்டது. பச்சைக் கட்டத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் பால், தேன், தேன்மெழுகு, அரக்கு இவை தவிர விலங்கிலிருந்து கிடைக்கும் எதுவும் அதில் இல்லை. அசைவத்துக்கு முன்பு பழுப்பு வட்டம் இருந்தது, இப்போது பழுப்பு முக்கோணம். நிறக்குருடு உள்ளவர்களுக்கு இந்த வடிவ மாற்றம் பெரிய உதவி.

இந்தக் குறி கடையில் திறந்து வைத்திருக்கும் பண்டத்தில் இருக்காது என்பதால், பேக்கரியில் கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் "முட்டை சேர்த்ததா?" என்று கேட்டே ஆக வேண்டும். மயோனைசும் மூல வடிவில் பச்சை முட்டையும் எண்ணெயும் அடித்துச் செய்வதுதான். பச்சை முட்டையில் செய்யும் மயோனைசைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது. அதிலிருந்து முட்டையில்லாத வகையை வைத்திருக்கும் கடைகளை அதிகம் பார்க்கிறேன். இருந்தாலும் டப்பாவைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிடுவேன். ஜெல்லி, புட்டிங், மார்ஷ்மெல்லோ இவற்றில் சேரும் ஜெலட்டின் விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. அதே போல உறையும் சைனா கிராஸ், அதாவது கடல்பாசி, முழுக்கத் தாவரம். உயர்விலை உணவகங்களில் பாஸ்தாவின் மேல் துருவிப் போடும் இத்தாலியப் பார்மிஜானோ சீஸைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைக் கொண்டுதான் செய்ய வேண்டும் என்பது அதன் விதி. இதை நான் நெடுநாள் தெரியாமலே சாப்பிட்டேன்.

தெரியாமல் சாப்பிட்டது அது ஒன்று மட்டுமல்ல. சென்னையில் ஓர் உணவகத்தில் வெஜ் நூடுல்ஸை ஏறக்குறைய முடிக்கும் தறுவாயில் பல்லில் கடினமாக ஏதோ தட்டியது. எடுத்துப் பார்த்தால் விரல் நகத்தளவு கோழி எலும்பு. தொண்டை அடைத்துக்கொண்டது, அன்று இரவு முழுவதும் எதையும் சாப்பிட முடியவில்லை. மேற்பார்வையாளரைத் தனியாக அழைத்து எலும்பைக் காட்டினேன். அவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார், பணம் வாங்கவில்லை. புதிதாக மாறியவர்களுக்கு இதைச் சொல்லிவைக்க விரும்புகிறேன்: இப்படி ஒருநாள் நடக்கும். நடந்தால் உங்கள் உறுதி உடைந்துபோனதாக எண்ண வேண்டாம், "இனிமே என்ன, எல்லாம் போச்சு" என்று பழைய வழக்கத்துக்கும் திரும்ப வேண்டாம். கடைக்காரரிடம் கட்டாயம் சொல்லுங்கள், ஆனால் எல்லோர் முன்னாலும் வேண்டாம். கூட்டத்தின் நடுவில் சத்தம் போட்டால் முதலாளி தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பார், திட்டு முழுவதும் அடுக்களையில் பாத்திரம் கழுவும் பையன் தலையில் விழும்.

கூட வருகிறவர்களோடு சாப்பிடுவது வேறொரு பழக்கம். வண்டி ஏறும்போதே சொல்லிவிட வேண்டும், கடை வாசலில் இறங்கியபின் சொல்லக் கூடாது. நான் வேறு கடைக்கு இழுப்பதில்லை, "அங்கே தோசை கிடைக்குமா, தயிர் கிடைக்குமா?" என்று மட்டும் பார்த்துக்கொள்வேன். கிடைக்காது என்று தெரிந்தால் முன்னதாகவே ஏதாவது சாப்பிட்டுவிட்டு, அங்கே மோரோ டீயோ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர்கள் இலையைப் பார்த்து முகம் சுளித்ததில்லை, சுளிக்கவும் கூடாது.

ஊர் மாறினால் கேள்வியும் மாறும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் துவையலிலும் பொடியிலும் கூனி இறால் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, மணத்தை வைத்துத்தான் தெரியும், எனவே கேட்டுவிட வேண்டும். ரசம் என்றால் புளியும் மிளகும்தான் என்று எண்ணிவிடவும் கூடாது, நண்டு ரசமும் அதே நிறம்தான். பாலக்காட்டில் முதல்முறை 'ஊண்' கேட்டபோது மட்டை அரிசிச் சோற்றின் மேல், நான் வாய் திறப்பதற்குள், மீன் குழம்பின் சாற்றை ஊற்றிவிட்டார்கள். கேரளத்தில் சாதாரணக் கடைகளில் அது விலையில்லாமல் கூடவே வருவது. மீன் துண்டுக்குத்தான் தனி விலை. இப்போதெல்லாம் உட்காரும்போதே "மீன் சாறு வேண்டா, சாம்பார் மதி" என்று சொல்லிவிடுகிறேன். கூடவே வரும் புளிச்சேரியும் மோரும் அந்தச் சோற்றுக்கு மிக அருமையான துணை.

2024இல் வேலை நிமித்தமாகப் பன்னிரண்டு நாள் கொழும்பில் தங்கினேன். முதல் நாளே சொற்கள் என்னைத் திணறடித்தன. மதுரையில் கறி என்றால் ஆட்டுக்கறி. அங்கே உருளைக்கிழங்கும் கறி, பருப்பும் கறி. காய் என்பதற்கே மரக்கறி என்றுதான் பெயர். அசைவத்தை 'மச்சம்' என்கிறார்கள். "மச்சமோ சைவமோ?" என்று கேட்டவரிடம் நான் இரண்டு நொடி விழித்துக்கொண்டு நின்றேன். வெள்ளவத்தையில் தமிழர்கள் நடத்தும் சைவக் கடைகள் இருப்பதால் இரவுச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மதியம் ஆலைக்குப் பக்கத்தில் சிங்களக் கடைதான். தேங்காய்ச் சம்பலைத் தேங்காயும் மிளகாயும்தானே என்று நினைத்து வாயில் வைத்தபோதுதான் அதில் மாசி இடித்துச் சேர்த்திருப்பது தெரிந்தது. காய வைத்த சூரை மீன் அது, சிங்களத்தில் உம்பலகட. சீனிச் சம்பலிலும் அது உண்டு, சில கடைகளில் பருப்பிலும் போடுகிறார்கள். கூட வேலை பார்த்த சிங்கள நண்பர் ஒருவர் எனக்கு ஒரே வரியை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தார்: "மாலு, மஸ், பித்தர, உம்பலகட எப்பா." மீன், இறைச்சி, முட்டை, மாசி வேண்டாம் என்பது அதன் பொருள். பட்டியலில் உம்பலகடவைத் தனியாகச் சொன்னதும்தான் கடைக்காரருக்கு நான் கேட்பது முழுதாக விளங்கியது. எந்த ஊருக்குப் போனாலும் இப்படி ஒரு வரியை அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 'சைவம்' என்ற ஒரு சொல்லை மொழிபெயர்த்துக்கொண்டு போவதைவிட, வேண்டாதவற்றின் பெயர்களைத் தெரிந்துகொண்டு போவதே உதவும். மரக்கறிக் கொத்து ரொட்டி கேட்டால் முட்டை வேண்டாம் என்பதோடு இறைச்சிக் குழம்பு ஊற்ற வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அதையும் தகடு தட்டத் தொடங்குவதற்கு முன்பே சொல்ல வேண்டும்.

உடம்பைப் பற்றியும் நான் கவனிக்காமல் விட்டேன். கலப்புக் கடைகளில் சைவமாகச் சாப்பிடுகிறவர் வழுக்கி விழும் இடம் மாவு. பரோட்டா, தோசை, ஃப்ரைடு ரைஸ், மறுபடி பரோட்டா என்று முதல் ஆண்டு ஓடியது. எப்போதும் சோர்வாக இருக்கிறதே என்று இரத்தப் பரிசோதனை செய்தபோது பி12 மிகவும் குறைந்திருந்தது. அந்தச் சத்து தாவர உணவில் இயற்கையாகக் கிடைப்பதில்லை; முட்டையும் விட்டவருக்கு உணவில் பாலும் தயிரும் மோரும்தான் முக்கிய வழி. மருத்துவர் சில மாதங்களுக்கு மாத்திரை கொடுத்தார். இப்போது எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் முதலில் தயிர் இருக்கிறதா என்று கேட்கிறேன். சாம்பாரை இரண்டு முறை கேட்டு, அடிக்கரண்டியாகப் பருப்போடு ஊற்றச் சொல்கிறேன். அடை, பெசரட்டு, சுண்டல், கொண்டைக்கடலை மசாலா இவை பட்டியலில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அவற்றையே சொல்லிவிடுவேன்.

இவை எதுவும் கிடைக்காத இரவுகளுக்காக வீட்டிலேயே ஒரு பொடி அரைத்து எடுத்துக்கொள்கிறேன். துவரம்பருப்பும் பொட்டுக்கடலையும் கொஞ்சம் கொள்ளும் வறுத்து, மிளகாய், பூண்டு, உப்பு சேர்த்துத் திரிப்பது. சின்ன எவர்சில்வர் டப்பாவில் பத்து நாளைக்கு வரும். திண்டுக்கல்லுக்கு வெளியே இருக்கும் அந்தப் பரோட்டாக் கடைக்கு இன்றும் போகிறேன். அங்கே தனிச் சால்னா கிடையாது, வைக்கச் சொல்லி நான் கேட்டதும் இல்லை. இரண்டு பரோட்டாவும் ஒரு கிண்ணம் தயிரும் வாங்கிக்கொண்டு, பொடியில் எண்ணெய் குழைத்துத் தொட்டுக்கொள்கிறேன். போன மாதம் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் அதே சப்ளையர் தன் சாப்பாட்டுத் தட்டோடு எதிரில் வந்து உட்கார்ந்து, "அதென்ன சார் பொடி, கொஞ்சம் கொடுங்க" என்று கையை நீட்டினார். இரண்டு கரண்டி போட்டேன். சால்னாத் தட்டை ஓரமாக நகர்த்திவைத்துவிட்டு ஒரு பரோட்டா முழுவதையும் அதைத் தொட்டே சாப்பிட்டவர், கொள்ளு எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்று அளவு கேட்டுக்கொண்டார்.